குடியை விட்டவர்கள் ஏன் தொடர்ந்து ஒன்றுகூடுகிறார்கள்?

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து முள்ளோடையைத் தாண்டியதுமே மதுக்கடைப் பலகைகள் தெரியத் தொடங்கும். நமக்கு அவை வெறும் பலகைகள். குடியை விட்டு மூன்று மாதம் ஆனவருக்கு அப்படியில்லை. பார்த்ததுமே நாக்கு ஊறும், நெஞ்சு படபடக்கும். 'இது வேண்டும், மறக்காதே' என்று மூளையில் பதிய வைக்கும் வேதிப்பொருள் டோப்பமின். பல வருடம் குடித்த மூளையில், சரக்கு உள்ளே போவதற்கு முன்பே, கடையையோ பழைய கூட்டாளியையோ பார்த்த மாத்திரத்தில் அது சுரக்கிறது. யோசித்துத் தடுக்க வேண்டிய முன்மூளையோ அதே குடியால் வலுவிழந்து கிடக்கிறது. "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். மனசு வைக்க வேண்டிய இடமே அடிபட்டிருக்கிறது.

முதல் வேலை மருத்துவருடையது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் செயலை மது கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளின் செயலைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட மூளை தன்னை முறுக்கேற்றிக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், பிறகு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். உயிரும் போகலாம். ஆகவே நெடுநாள் நிறையக் குடித்தவர் வீட்டிலேயே நிறுத்திப் பார்க்கக் கூடாது. ஜிப்மர் போல மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு ஓரளவு தேறிவிடும். ஆனால் ஊருக்குத் திரும்பும் வழியில் முள்ளோடை அப்படியேதான் இருக்கிறது.

அதற்குப் பிந்தைய நாட்களுக்கு வழி கண்டவர்கள் இரண்டு குடிநோயாளிகள். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் 1934 டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்து குடியை நிறுத்தினார். பிறகு மற்ற குடிகாரர்களைத் தேடித் தேடிப் பேசினார். ஒருவரும் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் மட்டும் குடிக்காமல் இருந்தார். 1935 மே மாதம் ஒஹையோவின் ஏக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போனார், காரியம் கைகூடவில்லை. ஹோட்டல் முகப்பில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே பார். இன்னொரு குடிகாரரிடம் பேசினால்தான் இன்று தப்பிப்போம் என்று தோன்ற, தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியைச் சுழற்றினார். அந்த வழியில் அறிமுகமானவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் என்று வந்தவர் ஆறு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அறிவுரை அவருக்குப் புதிதல்ல. பில் அறிவுரை சொல்லவில்லை, தான் குடித்த கதையைச் சொன்னார். நடுவில் பாப் ஒரு முறை சறுக்கினார். அறுவை சிகிச்சைக்குப் போகும் அன்று கை நடுங்கக் கூடாதென்று பில்லே ஒரு பீர் கொடுத்தார். அதுவே அவர் கடைசியாகக் குடித்தது. 1935 ஜூன் 10 என்ற அந்தத் தேதியைத்தான், குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பு தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

புதுச்சேரியில் வெளியாட்களையும் அனுமதிக்கும் ஏ.ஏ.வின் திறந்த கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், தேநீர். ஒருவர் எழுந்து, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கி, மகளின் ஸ்கூல் ஃபீஸைக் குடித்த கதையைச் சொன்னார். யாரும் திகைக்கவில்லை, குறுக்கே பேசவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். பணப் பை சுற்றி வந்தபோது நானும் ஒரு நோட்டை நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "நீங்க போடக் கூடாது சார். இது எங்க செலவு, நாங்கதான் பார்த்துக்கணும்."

அந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1840இல் பால்டிமோரில் ஆறு குடிகாரர்கள் தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் மளமளவென்று வளர்ந்தது. மதுவிலக்கு அரசியலிலும் வேறு சண்டைகளிலும் சிக்கிச் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. 1950இல் ஏ.ஏ. ஏற்ற பன்னிரண்டு மரபுகள் அத்தகைய சரிவுகளுக்குப் போட்ட அணை. வெளியார் பணம் கிடையாது. தலைவர் கிடையாது. குடியை விடும் ஆசை தவிர வேறு தகுதி கேட்பதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் மதுவிலக்கு பேசப்படும் நம் ஊரிலும் அது பற்றி அமைப்பு வாய் திறப்பதில்லை. பெயர் வெளியே போகாது. எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவராக இருக்கும் ஊரில் இது பெரிய ஆறுதல்.

1939இல் வெளியான ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகள் தனி மனிதருக்கானவை. குடியிடம் தோற்றதை ஒப்புக்கொள்வது, யாருக்கு என்ன தீங்கு செய்தோம் என்று பட்டியலிட்டு முடிந்தவரை ஈடு செய்வது, கடைசியில் இன்னொரு குடிநோயாளிக்கு உதவுவது. நடுவே கடவுள் வருகிறார், அவரவர் புரிந்துகொண்டபடி. அது மணக்குள விநாயகராக இருக்கலாம், வில்லியனூர் மாதாவாக இருக்கலாம், அந்தக் கூட்டமாகவே இருக்கலாம். நாத்திகர் சிலருக்கு இது இடிக்கத்தான் செய்கிறது. அவர்களுக்கு வேறு சிகிச்சைகள் உண்டு.

பலன் தருகிறதா? 27 ஆய்வுகளில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை 2020இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அலசியது. ஏ.ஏ.வுக்கு நோயாளிகளை முறையாக இட்டுச்செல்லும் சிகிச்சையில் ஓராண்டு முழுதாகக் குடிக்காமல் இருந்தவர் சுமார் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35. மாயம் இல்லை, ஆனால் செலவில்லாத ஒன்றுக்கு இது பெரிய வித்தியாசம். ஹார்வர்டைச் சேர்ந்த ஜான் கெல்லி போன்றோர் காரணத்தைத் தேடியபோது முன்னுக்கு வந்தது சகவாசம். குடிக்கும் நண்பர்கள் குறைந்து, குடிக்காத நண்பர்கள் சேர்கிறார்கள். ஆறு மணிக்குக் கால் கடைப்பக்கம் இழுக்கும்போது ஸ்பான்சருக்கு, அதாவது தனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினருக்கு, போன் போடலாம். அவரும் அதே இழுப்பைத் தாண்டியவர். அந்தப் போனை எடுப்பது அவருக்கும் மருந்து, பில்லுக்கு ஏக்ரனில் ஆனதுபோலவே.

குடிக்கும் ஆசையைத் தணிக்க மருத்துவர் தரும் நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகளைச் சில உறுப்பினர்கள் 'இதுவும் போதைதான்' என்று நிறுத்தச் சொல்வதுண்டு. அது தவறு. அமைப்பின் நிலையும் அதுவல்ல, மருத்துவ முடிவை அது மருத்துவரிடமே விடுகிறது. மாத்திரையும் மீட்டிங்கும் சேர்ந்தே போகலாம். குடிப்பவர் எதற்கும் வர மறுத்தாலும் வீட்டாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. அதற்கு மனைவியோ அம்மாவோ அவரைக் கேட்காமலே போகலாம்.