கொண்டையை மட்டும் பார்த்தால் போதாது

சந்தையில் இரண்டரை மாதக் குஞ்சு ஒன்றை வாங்கிவந்து கொல்லையில் விட்டதும் வீட்டில் மூன்று கேள்விகள் கிளம்பும். இது சேவலா, பெட்டையா? என்ன ரகம்? ஆளைக் கண்டாலே ஏன் வேலிக்குள் பாய்கிறது? மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதால்தான் பதில் தவறிப்போகிறது. ரகம் தெரியாமல் கொண்டையைப் படிக்க முடியாது.

சிறுவிடை எனப்படும் சாதாரண நாட்டுக்கோழிக் குஞ்சென்றால் கொண்டை நல்ல அடையாளம்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் சேவல்குஞ்சின் கொண்டை தடித்துச் சிவக்கத் தொடங்கும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் வேலை அது. பெட்டைக்கோ முட்டைக்கு வரும்வரை கொண்டை வெளிறியே இருக்கும். ஆனால் அசில் எனப்படும் பெருவிடையில் இந்தக் கணக்கு குழப்பும். அதற்குப் பட்டாணிக் கொண்டை: தலையோடு ஒட்டிய சின்ன முடிச்சு வரிசை. ஒரு மரபணு மாற்றத்தால் சேவலுக்கே கொண்டை எழும்புவதில்லை. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியிலிருந்து வந்த கடக்நாத்தில் தோல், கொண்டை எல்லாம் கருமை படிந்தவை. சிவப்பைத் தேடினால் கிடைக்காது. காலில் முள் இருந்தால் சேவல் என்பதும் உறுதியில்லை. வயதான பெட்டைக்கும், குறிப்பாகப் பெருவிடைப் பெட்டைக்கு, முள் வளரும்.

நம்பத்தக்க அடையாளம் இறகுதான். மூன்று, நான்கு மாதத்தில் கோழியைக் கையில் பிடித்து, வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் இடுப்பின் இருபுறமும் இறகை விலக்கிப் பாருங்கள். மெலிந்து நீண்டு, நுனி கூர்மையாய், வெயிலில் பளபளக்கும் இறகு அங்கே முளைத்திருந்தால் சேவல். நுனி வட்டமாய், மங்கலாய் இருந்தால் விடைக்கோழி, அதாவது இளம்பெட்டை. கழுத்து இறகிலும் இதே வேறுபாடு உண்டு, ஆனால் இடுப்பில்தான் சந்தேகமில்லாமல் தெரியும்.

இதன் பின்னணி கொஞ்சம் விசித்திரமானது. கோழி இனத்தில் பளபளப்பான சேவல் இறகுதான் இயல்புநிலை. பெட்டையின் சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் அதைத் தடுத்து, மங்கலான வட்ட இறகை வளர்க்கிறது. பெட்டைக்கு வேலை செய்வது இடப்பக்கச் சினைப்பை மட்டுமே. அது நோயால் கெட்டுப்போனால் அடுத்த இறகுதிர்வுக்குப் பின் சேவல் இறகு முளைக்கும். சில கோழிகள் கூவவும் செய்யும். ‘பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா’ என்று கேட்டவர்கள் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கத்தான் வேண்டும். 1474இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்ட ‘சேவல்’ ஒன்றை விசாரித்து எரித்தார்கள். அது இப்படி மாறிய பெட்டையாக இருந்திருக்கலாம்.

கூர்முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பொரியும் என்று அடைவைக்கும்போது பிரித்தெடுப்பவர்கள் இன்றும் உண்டு. அது நடவாத காரியம். கோழியில் பாலினத்தைத் தீர்மானிப்பது தாய்: பெட்டைக்கு Z, W என இரு வேறு குரோமோசோம்கள், சேவலுக்கு இரண்டும் Z. மஞ்சள்கரு சினைப்பையை விட்டு வெளியேறும்போதே அதில் இருப்பது Zஆ, Wவா என்பது முடிவாகிவிடும். ஓட்டுக்கு உருவம் கிடைப்பது அதற்குப் பல மணிநேரம் கழித்து, கருப்பாதையில்.

ரகத்தைப் பொறுத்தவரை, கொல்லைக் கோழிக்கு ஒரே பெயரைத் தேடுவது பெரும்பாலும் வீண். பல தலைமுறைக் கலப்பு அது. கழுத்தில் இறகில்லையா, கொண்டை எந்த வகை, கால் என்ன நிறம் என்று உறுப்பு உறுப்பாகத்தான் படிக்க முடியும். இதில் எனக்குப் பிடித்தது மஞ்சள் கால். கோழியின் மூதாதை தென்கிழக்காசியப் பக்கத்துச் செங்காட்டுக்கோழி என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு வடிவம் அதிலிருந்து வரவில்லை என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. பெரும்பாலும் அது சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் இன்றும் கூவிக்கொண்டிருக்கும் அதே பறவை.

இனி மிரட்சி. சேவல் துணிச்சலானது, பெட்டை பயந்தது என்று குணத்தை வைத்துப் பாலினம் சொல்வது ஏமாற்றும். பயத்தில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் செங்காட்டுக்கோழிகளில் மனிதருக்கு அஞ்சாதவற்றையே தலைமுறைதோறும் இணைசேர்த்தார்கள். பத்துத் தலைமுறைக்குள் பயம் குறைந்ததோடு உடல் பெருத்தது. உடலோடு ஒப்பிட்டால் மூளை சிறுத்தது. அந்த நெடிய வடிகட்டல் நடக்காத, பருந்துக்கும் கீரிக்கும் தப்பிப் பிழைத்த சிறுவிடைக்கு மிரட்சிதான் மூலதனம். பயத்துக்கு அடுத்த காரணம், பொரித்த பிறகு வரும் முதல் சில நாட்கள். பொரித்த புதிதில் குஞ்சுக்கு எதைக் கண்டும் பெரிய பயமில்லை; இரண்டு மூன்று நாளில் தெரியாததைக் கண்டு ஒதுங்கும் குணம் வந்துவிடும். தாய் எதைக் கண்டு ஓடுகிறதோ அதைக் கண்டு குஞ்சும் ஓடும். சந்தைக் குஞ்சுக்கு இந்தப் பாடமெல்லாம் நீங்கள் வாங்குமுன்பே முடிந்துவிட்டது.

பழக்க வேண்டுமானால் நின்றபடி குனிந்து பிடிக்காதீர்கள். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து. உட்கார்ந்து, பக்கவாட்டில் தீனி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். பிடித்தே ஆகவேண்டுமென்றால் இருட்டிக் கூட்டில் அடைந்த பிறகு பிடியுங்கள்; மங்கல் வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மல்லாக்கப் படுக்கவைத்து லேசாக அழுத்தினால் அசையாமல் கிடப்பதைப் பார்த்து ‘பழகிவிட்டது’ என்று மகிழ்பவர்கள் உண்டு. அது எதிரியின் பிடியில் சிக்கிய உடல் உறைந்துபோவது. எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் பயத்தையே அளக்கிறார்கள்.

விடைக்கோழியாக இருந்தால் ஐந்து, ஆறு மாதத்தில் ஒரு திருப்பம் வரும். அதுவரை ஓடியது, முதுகருகே கை போனதும் இறக்கையை லேசாக விரித்துத் தரையோடு பதுங்கி நிற்கும். சேவலுக்குக் காட்டும் இசைவு அது. முதல் முட்டைக்கு அதிக நாளில்லை. அதே வயதில் ஓடுவதை நிறுத்திவிட்டு உங்கள் காலையே முறைத்துப் பார்ப்பது சேவலாக இருந்தால், குழந்தைகளைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.