அக்செஷன்: விதை வங்கியின் ‘வரவு’

பயிர் விதைகளைக் காத்து வைக்கும் பொது மரபணு வங்கி ஒன்றிடம் விதை மாதிரி கேட்க நினைப்பவர் முதலில் தேடுவது ரகத்தின் பெயரை. வங்கி கேட்பதோ அக்செஷன் எண்ணை. பெயரை மட்டும் எழுதி அனுப்பினால், ‘எந்த எண்?’ என்ற கேள்விதான் பெரும்பாலும் பதிலாக வரும்.

அக்செஷன் என்பது ரகம் அன்று. ஓரிடத்தில் சேகரிக்கப்பட்டோ ஒருவரால் கொடுக்கப்பட்டோ வங்கிக்கு வந்து, தனி எண் பெற்று, மற்றவற்றோடு கலக்காமல் காக்கப்படும் ஒரு விதைத் தொகுதி அது. ஒரே பெயருள்ள நெல் மூன்று ஊர்களிலிருந்து தனித்தனியே வந்தால் மூன்று எண்கள். அவை மரபளவில் ஒன்றாகவே இருக்கலாம். பெயரைத் தவிர வேறெந்த ஒற்றுமையும் இல்லாமலும் போகலாம். வந்த நாளிலேயே வங்கி அதற்குத் தீர்ப்பு எழுதுவதில்லை.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘அணுகி வருதல், வந்து கூடுதல்’ என்பது பொருள். ஆங்கிலத்தில் மன்னர் அரியணை ஏறுவதும், ஒரு நாடு உடன்படிக்கையில் பின்னர் இணைவதும் அக்செஷன்தான். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் புதிதாக வந்ததைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு இச்சொல்லைக் கையாள்கின்றன. விதை வங்கிகளின் வழக்கும் அதே வகையைச் சேர்ந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறை 1898-இல் தொடங்கிய ‘பி.ஐ.’ (பிளான்ட் இன்ட்ரொடக்‌ஷன், அதாவது பயிர் அறிமுகம்) வரிசையின் முதல் எண் ரஷ்யாவிலிருந்து வந்த ஒரு முட்டைக்கோசுக்குக் கிடைத்தது. அந்த வரிசை இன்றும் நீண்டுகொண்டிருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? நூலகத் துறையின் ‘சேர்க்கை எண்’ பிழையில்லை. ஆனால் சேர்க்கை என்றதும் கல்லூரி விண்ணப்பம்தான் நினைவுக்கு வருகிறது. ‘மாதிரி’ என்பது வங்கி நமக்கு அனுப்பும் சிறு பொட்டலத்துக்குப் பொருந்துமே தவிர, அது உள்ளே காத்து வைத்திருக்கும் தொகுதிக்குப் பொருந்தாது. ‘ரகம்’ என்றால் பொருளே மாறிவிடும். என் தேர்வு ‘வரவு’. வந்து சேர்தல், கணக்கில் ஏறுதல் என்ற இரண்டையும் அது ஏற்கெனவே சுமக்கிறது. ‘வரவு வைத்தல்’ என்பது கணக்கு எழுதுவோரின் பழகிய தொடர். ஆகவே விதை வரவு, வரவு எண், வரவுப் பதிவேடு. உடன்படிக்கையில் நாடுகள் சேர்வதற்கு மட்டும் ‘இணைதல்’ இருக்கட்டும்.

எண்ணை எழுதும்போது முன்னெழுத்தை விட்டுவிடக் கூடாது. ‘ஐ.ஆர்.ஜி.சி.’ என்று தொடங்கினால் அது பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வரவு. அதே விதை வேறொரு வங்கிக்குப் போனால் அங்கே புதிய எண் பெறும். பழைய எண், சேகரித்த இடம், கொடுத்தவர் முதலியவை ‘பாஸ்போர்ட் தரவு’ என்ற குறிப்பில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் அதைப் படிப்பது, ரகப் பெயரை நம்புவதைவிட மேல்.

2004-இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபு வளங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் கீழ் வரும் வரவுகள், பெறுபவர் ஏற்க வேண்டிய நிபந்தனைகள் அடங்கிய பொருள் மாற்று ஒப்பந்தம் ஒன்றுடன் சேர்த்தே தரப்படுகின்றன. உணவு, வேளாண்மை சார்ந்த ஆராய்ச்சி, புதிய ரக உருவாக்கம், பயிற்சி ஆகியவற்றுக்கே அனுமதி. மருந்து தயாரிப்புக்கு இல்லை. விலை கிடையாது, கட்டணம் இருந்தாலும் அனுப்பும் செலவளவுக்குத்தான். கையொப்பமிட்டும் ஏற்கலாம், இணையத்தில் சொடுக்கியும் ஏற்கலாம். சில பொட்டலங்களைப் பிரித்துப் பயன்படுத்தினாலே ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும்.

நார்வேயின் ஆர்க்டிக் தீவில் உள்ள ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்துக்கு எழுதிப் பயனில்லை. அங்கிருப்பவை மற்ற வங்கிகள் பாதுகாப்புக்காக வைத்த காப்புப் படிகள். வைத்த வங்கி மட்டுமே திரும்ப எடுக்க முடியும். வரவு எண்ணை அந்த வங்கிக்கே அனுப்ப வேண்டும்.