சவுண்ட் கார்டு வாங்கும் முன் எர்த் பின்னைப் பாருங்கள்

"சவுண்ட் கார்டு மாத்தணும் தம்பி. இரைச்சல் தாங்க முடியலை. எது நல்லதுன்னு சொல்லு, வாங்கிடறேன்." வீட்டிலிருந்தபடியே ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஒரு வீணை டீச்சர் இப்படித்தான் போன் செய்தார். நேரில் பார்க்காமல் கார்டு சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். அன்று போனது நல்லதாயிற்று.

கம்ப்யூட்டரின் பவர் கேபிள் ப்ளக்கில் எர்த்துக்கான பெரிய பின்னே இல்லை. யாரோ நறுக்கியிருந்தார்கள்.

"அக்கா பையன்தாம்பா எடுத்துவிட்டான். எடுத்ததும் இரைச்சல் பாதி குறைஞ்சுது. ஆனா மைக்கைத் தொட்டா விரல்ல சுருக்குங்குது" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அந்தச் சுருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சார இரைச்சலை வடிகட்ட, ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் வழியாக இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லையென்றால் அது கேபினட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி. மைக்கின் உலோக உடல் கேபிள் வழியாக அந்தக் கேபினட்டோடு சேர்ந்தது. அதனால்தான் விரலில் சுருக்கு. இதுவரை உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் என்றாவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இன்சுலேஷன் போய் ஃபேஸ் கேபினட்டைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் மைக்குக்கு வந்துவிடும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். எர்த் இல்லாத இடத்தில், மைக்கைப் பிடித்திருக்கும் மனிதர்தான் எர்த்.

பின்னை எடுத்ததும் இரைச்சல் ஏன் குறைந்தது? டீச்சரின் ஆம்ப்ளிஃபையர் எதிர்ச்சுவரில் இருந்த ப்ளக் பாயின்ட்டில் இருந்தது. கம்ப்யூட்டர் இந்தப் பக்கம். இரண்டும் தனித்தனி எர்த்தைப் பிடித்துக்கொண்டு, ஆடியோ கேபிளாலும் இணைந்திருந்தால் அது ஒரு வளையம். அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்சாரம்தான் ஸ்பீக்கரில் 'உம்ம்' என்று 50 ஹெர்ட்ஸில் கேட்கிறது. பின்னை நறுக்கினால் வளையம் அறுபடும், இரைச்சலும் குறையும். வைத்தியம் பலித்த மாதிரி தெரிவதால்தான் இந்தத் தப்பு வீட்டுக்கு வீடு பரவுகிறது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டரும் இதே தப்புதான்.

சரியான வழி சுலபமானது. கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். மிச்சமிருந்தால், ஆடியோ கேபிளின் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சின்ன டப்பா போதும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். 'உம்ம்' நின்றுவிட்டால் கோளாறு கரன்ட் வரும் வழியில் இருக்கிறது. எத்தனை ஆயிரத்துக்குக் கார்டு வாங்கினாலும் அது தீராது.

மவுஸை நகர்த்தும்போது கீச்சுக் கீச்சென்று கேட்பது வேறு ரகம். கேபினட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து போர்டுக்குப் போகும் ஒயர் உள்ளே இருக்கும் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பின்பக்கப் பச்சை ஜாக்கில் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். போன் ஹெட்செட்டை டெஸ்க்டாப்பில் செருகி "மைக் வேலை செய்யலை" என்று வருபவர்களும் நிறைய. அந்த ஒற்றைப் பின்னை மைக்குக்கும் ஹெட்போனுக்குமாகப் பிரிக்கும் சின்ன ஒயர் ஒன்று போதும்.

டீச்சருக்கு இன்னொரு குறையும் இருந்தது. தந்தியை மீட்டினால் நாதம் நீளாமல் அறுந்துபோகிறது என்று மாணவர்கள் சொன்னார்களாம். கார்டு அதற்கும் காரணமில்லை. ஜூம் போன்ற செயலிகள் பேச்சை மட்டும் குரலென்று வைத்துக்கொண்டு, நீண்டு ஒலிப்பதை ஃபேன் சத்தமென்று நினைத்து வெட்டிவிடும். தம்புரா சுருதி முதலில் பலியாகும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்ற வசதியை ஆன் செய்ததும் நாதம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் கார்டே வேண்டாமா? சிலருக்குக் கட்டாயம் வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் மாதிரி ஒரு கார்டு போடாவிட்டால் கம்ப்யூட்டரில் 'பீப்' மட்டும் கேட்ட 1990களின் நிலை இன்று இல்லை. மதர்போர்டிலேயே இருப்பது பாட்டு கேட்க, படம் பார்க்க, மீட்டிங் பேசத் தாராளம். ஆனால் 48 வோல்ட் கேட்கும் கண்டென்சர் மைக்கில் பதிவு செய்பவருக்கு, குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி மைக்கில் எடுப்பவருக்கு, அதிக வோல்டேஜ் கேட்கும் 250 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவருக்கு அது பத்தாது. இவர்கள் யூஎஸ்பியில் இணையும் வெளி சவுண்ட் கார்டான ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். கேபினட்டுக்கு வெளியே இருப்பதால் உள்ளிரைச்சல் பெரும்பாலும் அண்டாது. நாளை லேப்டாப் மாற்றினாலும் கூடவே வரும். செகண்ட் ஹாண்டில் மலிவாகக் கிடைக்கும் பழைய பிசிஐ கார்டைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், இப்போதைய போர்டுகள் பலவற்றில் அதைச் செருக இடமே கிடையாது.

அட்டைப்பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற கணக்கு) என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நம் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான், அதைப் போல இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும், சிடியே 44.1-இல் முடிந்துவிட்டது. ஒரே ஒரு ஹெட்போன் ஜாக் உள்ள சின்ன யூஎஸ்பி துண்டில் '7.1' (எட்டு ஸ்பீக்கர் ஒலி) என்று எழுதியிருந்தால், அது சாஃப்ட்வேர் காட்டும் பாவனை. கடையில் கேட்க வேண்டியது வேறு: தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் உண்டா, டைரக்ட் மானிட்டர் பட்டன் உண்டா? பாடும்போது சொந்தக் குரல் ஹெட்போனில் தாமதமாக வந்தால் தாளம் நிற்காது. 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒலித் துண்டு) என்றாலே போகும்போது 10 மில்லிசெகண்டுக்கு மேல், வரும்போது அதே அளவு. டைரக்ட் மானிட்டர் இருந்தால் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேரே காதுக்கு வரும்.

டீச்சர் வீட்டில் அன்று வாங்கியது ஒரு புதுப் பவர் கேபிளும் ஒரு ஐசோலேட்டரும்தான். ப்ளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்கச் சொன்னேன். பின் நறுக்கிய பழைய பவர் கேபிளை வேறு யாரும் எடுத்துச் செருகிவிடக் கூடாதென்று, இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.