கத்ரினா: தண்ணி சுவருக்கு மேல வந்துச்சா, கீழ வந்துச்சா?

2005 ஆகஸ்ட் 29 காலைல அமெரிக்காவோட லூசியானா மாநிலத்துல கரை ஏறுறப்ப கத்ரினா புயல், காத்து வேகத்தை வச்சு 1லேர்ந்து 5 வரைக்கும் போற அளவுல கேட்டகரி 3 தான், நடுக்கடல்ல 5 வரைக்கும் போயிட்டு கொஞ்சம் அடங்கித்தான் வந்துச்சு. ஆனாலும் அங்க இருக்கிற நியூ ஆர்லியன்ஸ் நகரம் கிட்டத்தட்ட 80 சதவீதம் முங்கிடுச்சு. மேயர் நாகின் ஊரை காலி பண்ணச் சொல்ல லேட் பண்ணிட்டாரு, கவர்னர் பிளாங்கோ மேல தப்பு, இல்ல இல்ல அதிபர் புஷ் மேலதான்னு ஒரே சண்டை. பேரிடர் நிவாரணத்துக்கான மத்திய அரசு அமைப்பான ஃபெமாவோட தலைவர் மைக்கேல் பிரவுன் ரெண்டு வாரத்துல ராஜினாமா பண்ணாரு. அடைக்கலம் தேடிப் போன சூப்பர்டோம் ஸ்டேடியத்துல ஜனங்க பட்ட பாட்டுக்கு இவங்கள திட்டுறது நியாயம்தான், ஆனா தண்ணி ஊருக்குள்ள ஏன் வந்துச்சுன்னு அதுல பதில் இல்ல.

ஊருல பாதி கடல் மட்டத்துக்குக் கீழ. அதனால மழைத்தண்ணிய பம்ப் வச்சு கால்வாய்ல ஏத்தி பான்ட்சார்ட்ரெயின் ஏரிக்கு அனுப்புவாங்க. புயல் வந்தா ஏரித்தண்ணி அதே கால்வாய் வழியா திரும்பி ஊருக்குள்ள ஏறும். அதைத் தடுக்க ரெண்டு பக்கமும் மண்கரை, அது மேல கான்கிரீட் சுவர், சுவருக்கு அடியில மண்ணுக்குள்ள இறக்குன இரும்புத் தகடு. இதெல்லாம் கட்டுனது ராணுவப் பொறியாளர் படை, அதாவது ஆர்மி கோர்.

புயல் எங்க டிசைனை விட பெருசு, தண்ணி சுவரைத் தாண்டிடுச்சுன்னு ஆரம்பத்துல கோர் சொல்லுச்சு. சரி, தாண்டுச்சா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தண்ணி சுவருக்கு மேல வழிஞ்சா அந்தப் பக்கம் விழுற இடத்துல மண்ணைப் பறிச்சு பள்ளம் போட்டிருக்கும். கப்பல் போற இண்டஸ்ட்ரியல் கால்வாய் பக்கம் அந்தப் பள்ளம் இருந்துச்சு. மழைத்தண்ணி போற 17வது தெரு கால்வாய்ல இல்ல! தண்ணி சுவர் உச்சிக்குப் பல அடி கீழ இருக்கிறப்பவே சுவர் போயிடுச்சு.

நடந்தது என்னன்னா, தண்ணி தள்ளுற தள்ளுல சுவர் லேசா ஊர்ப்பக்கம் சாயுது, சாஞ்சதும் கால்வாய்ப் பக்கம் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு இடுக்கு விழுது, அந்த இடுக்குல தண்ணி இறங்குனா தகட்டோட முழு ஆழத்துக்கும் தண்ணியோட அழுத்தம் வந்துடும், இந்தப் பக்கம் பிடிச்சு நிக்க பாதிக் கரைதான் மிச்சம், அடியில இருந்ததோ கொழகொழ களிமண். கரை சுவரோட சேர்ந்து அப்படியே நகர்ந்துடுச்சு. லண்டன் அவென்யூ கால்வாய்ல கதை வேற, அங்க அடியில மணல், தண்ணி அது வழியாவே ஊறி வந்து கரையைத் தூக்கிடுச்சு.

கடுப்பு என்னன்னா 1980கள்ல கோரே இதே மாதிரி சுவர் கட்டி டெஸ்ட் பண்ணிருக்கு. அதுல தார்ப்பாய் போட்டு மூடுனதால இடுக்குக்குள்ள தண்ணி போகவே இல்ல, அந்த ரிசல்டை தப்பா எடுத்துக்கிட்டு தகடு 17 அடி போதும்னு முடிவு பண்ணிட்டாங்க. செலவு மிச்சம் வேற.

2006 ஜூன்ல கோர் தலைவர் கார்ல் ஸ்ட்ராக் எங்க டிசைன் தோத்துடுச்சுன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா வீடு போனவங்க கேஸ் போட்டப்ப, வெள்ளத்தடுப்பு வேலைல சேதம் வந்தா அரசு மேல வழக்கு செல்லாதுன்னு 1928ல போட்ட சட்டம் குறுக்க வந்து நின்னுச்சு. கால்வாய் கேஸை 2008ல நீதிபதி டுவால் தள்ளுபடி பண்ணாரு, கோரை நல்லா திட்டி எழுதிட்டுத்தான் பண்ணாரு.

இப்ப கால்வாய் வாயிலயே கேட் போட்டு ஏரித்தண்ணி உள்ள வராம பண்ணிட்டாங்க. 2021ல ஐடா புயல் வந்தப்ப அந்தத் தடுப்பெல்லாம் நின்னுச்சு, கரன்ட்தான் நாள்கணக்குல போச்சு.