மெனோபாஸில் முடி ஏன் வறண்டுபோகிறது?

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. அப்படியென்றால், 30 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனி இரண்டரை வருடங்களுக்கு முன்பே தலையைவிட்டு வெளியே வந்துவிட்டது. மெனோபாஸ் நெருங்கும் வயதில் முடி வறண்டு, சொரசொரத்து, சீப்புக்கு அடங்காமல் போவதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது. இன்று உடலில் நடக்கும் ஹார்மோன் மாற்றம் மயிர்க்காலையும் தலைத்தோலையும்தான் எட்டும். தோளில் விழுந்து கிடக்கும் முடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. ரத்தமும் அங்கே போவதில்லை. ஆகவே நுனியில் தெரியும் வறட்சியில் பெரும்பகுதி பல வருடத் தேய்மானம். வேரில் தொடங்கும் வறட்சிதான் மெனோபாஸின் வேலை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் ஒன்றுபோலத் தெரிகின்றன. இரண்டுக்கும் செய்யவேண்டியது வேறு வேறு.

முதலில் தலைத்தோல். ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒட்டியபடி எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதன் செல்கள் கொழுப்பைத் தமக்குள் நிரப்பிக்கொண்டே போய், கடைசியில் தாமே உடைந்து அதை வெளியே விடுகின்றன. இந்த எண்ணெய்க்குச் சீபம் என்று பெயர். டிரைகிளிசரைடு, மெழுகு எஸ்டர், ஸ்குவாலீன் எல்லாம் கலந்த அது முடியின் அடியிலிருந்து மெல்ல மேலேறிப் பரவுகிறது. முடிக்கு இயல்பான வழவழப்பு இதனால்தான். சுரப்பியை முடுக்கிவிடுபவை முக்கியமாக, ஆண் ஹார்மோன்கள் என்று சொல்லப்படும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். பெண்களின் உடலிலும் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அவற்றைச் சுரக்கின்றன. வயது கூடக்கூட அளவு குறைகிறது. மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்குச் சீபம் நன்றாகவே குறைந்துவிடுகிறது. ஆண்களுக்கோ 80 வயது வரைக்கும் அது பெரிதாகக் குறைவதில்லை. ஒரே வயதுள்ள கணவனுக்கு ஒத்துவரும் ஷாம்பு மனைவிக்கு ஒத்துவராமல் போக இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்து ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். 12 மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் அது நிகழ்கிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் அதற்குச் சில வருடங்கள் முன்பே ஏறி இறங்கத் தொடங்கிவிடும். மயிர்க்காலில் ஈஸ்ட்ரோஜனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு முடி 2 முதல் 6 வருடங்கள் வளர்கிறது, சில வாரங்களில் சுருங்குகிறது, ஏறக்குறைய 3 மாதங்கள் ஓய்வெடுக்கிறது, பிறகு உதிர்கிறது. இதில் வளர்ச்சிக் கட்டத்தை நீட்டிக்க ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. கர்ப்ப காலத்தில் முடி அடர்த்தியாக இருப்பதும், பிரசவமான சில மாதங்களில் கொத்துக் கொத்தாக உதிர்வதும் ஹார்மோன்களின் ஏற்ற இறக்கத்தால்தான். மெனோபாஸில் ஆண்ட்ரோஜனைவிட ஈஸ்ட்ரோஜன் வேகமாகக் குறைவதால், ஒப்பீட்டில் ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. பரம்பரையில் அந்தத் தன்மை உள்ளவர்களுக்கு வகிடு அகலமாகி முடி மெலிகிறது. மெலிந்த முடி உராய்வையும் இழுப்பையும் குறைவாகத்தான் தாங்கும். போதாததற்குத் தோலும் மெலிகிறது: மெனோபாஸுக்குப் பிந்தைய முதல் 5 வருடங்களில் தோலின் கொலாஜனில் 30% வரை குறையக்கூடும். தலையில் அரிப்பும் இறுக்கமும் வருவது இந்த மாற்றங்களோடு சேர்ந்துதான்.

சரி, ஏற்கனவே வெளியே வந்துவிட்ட முடிக்கு வருவோம். அதன் உட்பகுதி கெரட்டின் புரத இழைகளால் ஆனது. அதைச் சுற்றிக் கியூட்டிகிள் என்ற மெல்லிய செதில்கள், ஓட்டுக்கூரையைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நுனியைப் பார்த்தபடி ஆறேழு அடுக்காக அமைந்திருக்கின்றன. அந்தச் செதில்களின் மேற்பரப்பில் 18-எம்ஈஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு கொழுப்பமிலம் வேதிப்பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. இது சீபம்போல மேலே பூசிய எண்ணெய் இல்லை. மயிர்க்காலிலேயே முடியோடு சேர்ந்து உருவானது. தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளுவதும், ஒரு முடி இன்னொன்றின்மேல் வழுக்கிப்போக விடுவதும் அதன் வேலை. ஒருமுறை போய்விட்டால் உடல் அதைத் திரும்பத் தராது.

வறண்ட முடிக்குத் தண்ணீர்ச் சத்துப் போதவில்லை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. நடப்பது ஏறக்குறைய நேர்மாறு. கொழுப்பு உறையை இழந்த முடி, நல்ல முடியைவிட அதிகமாகவும் வேகமாகவும் தண்ணீரை உறிஞ்சுகிறது. நனையும்போது முடி தன் எடையில் சுமார் 30% தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்புகிறது, உலரும்போது சுருங்குகிறது. ஒவ்வொரு முறையும் செதில்கள் நிமிர்ந்து படிய வேண்டியிருக்கிறது. நாளாக ஆக ஓரம் பிய்ந்து தேய்கின்றன. விரலுக்குச் சொரசொரப்பாகப் படுவது இந்தப் பிய்ந்த ஓரங்கள்தான். அதனால் வறண்ட முடிக்கு வேண்டியது இழந்த வழவழப்பை ஈடுகட்டும் ஒரு பூச்சு. ‘முடிக்கு ஊட்டம்’ என்று விற்கப்படும் எதுவும் உயிரில்லாத இழையை வளர்க்கப்போவதில்லை. நல்ல பூச்சாக இருந்தால் அதுவே போதும், அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

18-எம்ஈஏ உறையைக் கழற்றுவதில் முதலிடம் பிளீச்சுக்கும் நிரந்தர ஹேர் டைக்கும்தான். அந்த டையிலுள்ள அம்மோனியா போன்ற காரப் பொருள் செதில்களைத் தூக்குகிறது; ஹைட்ரஜன் பெராக்ஸைடு உள்ளே போய் நிறத்தை மாற்றுகிறது, போகிற போக்கில் கொழுப்பு உறையையும் சிதைக்கிறது. பல பெண்கள் டை போடத் தொடங்குவது, அல்லது அடிக்கடி போட ஆரம்பிப்பது, சீபம் குறையும் இதே வயதில். மெனோபாஸின்மேல் சுமத்தப்படும் வறட்சியில் டைக்கு உரிய பங்கு அதிகம் பேசப்படுவதில்லை என்பது என் கருத்து. டை வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். புதிதாக வளர்ந்த அடிப்பகுதிக்கு மட்டும் போட்டு, ஏற்கனவே நிறமேறிய நீளத்தை விட்டுவிட்டாலே நுனி தப்பிக்கும்.

தலை குளிப்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மெனோபாஸின் உடல் கொதிப்பு இரவில் தலையை வியர்வையில் நனைத்துவிடும். பிசுபிசுப்புத் தாங்காமல் தினமும் ஷாம்பு போடத் தோன்றும். சுரப்பதே குறைவு, அதையும் தினமும் கழுவி எடுத்தால் முடிக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. வியர்வை உப்பு தண்ணீரிலேயே கரையும் என்பதால், ஷாம்பு போடாத நாட்களில் வெறும் தண்ணீரில் தலைத்தோலை அலசினாலே போதும். ஷாம்பு போடும் நாளிலும் அது தலைத்தோலுக்குத்தான், நீளத்துக்கு வழிந்து ஓடும் நுரையே போதும். குளியல் சோப்பைத் தலைக்குப் போடாமல் இருப்பது நல்லது. அதன் பிஎச் 9, 10 என்று காரப்பக்கம் இருக்கும். தலைத்தோலின் பிஎச் சுமார் 5.5. காரம் கூடும்போது முடியின் மேற்பரப்பில் எதிர்மின்சுமை கூடுகிறது, இழைகள் ஒன்றையொன்று தள்ளிச் சிலும்புகின்றன. உப்புத் தண்ணீராக இருந்தால் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து முடிமேல் படிந்தும்விடும்.

இதே மின்சுமையைத்தான் கண்டிஷனர் பயன்படுத்திக்கொள்கிறது. அதிலுள்ள மூலக்கூறுகளுக்கு நேர்மின்சுமை. எதிர்மின்சுமை அதிகமுள்ள இடம், அதாவது அதிகம் சேதமடைந்த இடம் எதுவோ, அங்கே போய் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். கூடவே இருக்கும் சிலிகோன் வழவழப்பைக் கூட்டுகிறது. வறண்ட முடிக்கு இவ்வளவு பொருத்தமாக வேலைசெய்யும் பொருள் வேறு இல்லை. காதுக்குக் கீழே உள்ள நீளத்தில் தடவி, அப்படியே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிட்டு அலசலாம்.

எண்ணெயைப் பொறுத்தவரை, குளித்த பிறகு தடவுவதைவிடக் குளிப்பதற்கு முன் தடவுவதே அதிகப் பயன் தருகிறது. தேங்காய் எண்ணெயில் நிறைந்துள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. முடிக்குள் ஊடுருவிச் செல்லும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். உள்ளே எண்ணெய் இருப்பதால் நனையும்போது முடி அதிகம் உப்புவதில்லை. ஆனால் பொடுகு இருக்கும் தலைத்தோலில் எண்ணெயைத் தேய்க்கக் கூடாது. பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பைத் தின்று வாழ்வது. செதில் உதிர்வதைப் பார்த்து, தலை வறண்டிருக்கிறது என்று நினைத்து எண்ணெய் தேய்த்தால் அதற்குத்தான் தீனி.

உலர்த்துவதில் ஒரு வியப்பான செய்தி. 2011இல் கொரிய ஆய்வாளர்கள், டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே உலர்த்திய முடியையும், தானாக உலரவிட்ட முடியையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டிரையர் மேற்பரப்பைக் கொஞ்சம் சேதப்படுத்தியிருந்தது. ஆனால் செல்களை ஒட்டவைக்கும் உட்படலம் சேதமடைந்திருந்தது, தானாக உலர்ந்த முடியில். நெடுநேரம் ஈரமாக இருப்பதும் முடிக்குக் கெடுதல்தான் போலிருக்கிறது. ஈர முடியில் ஸ்ட்ரெயிட்னர் வைப்பதோ வேறு கதை: உள்ளே சிக்கிய தண்ணீர் கொதித்து ஆவியாகி இழைக்குள் குமிழிகளை உண்டாக்கும், முடி அந்த இடத்தில் ஒடியும்.

அப்புறம் பயோட்டின் மாத்திரை. உடலில் பயோட்டின் குறைபாடு இருந்தால் ஒழிய அது முடிக்கு உதவும் என்பதற்கு நல்ல சான்று இல்லை, குறைபாடோ அரிது. என்னை உறுத்துவது இன்னொரு விஷயம். அதிக அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. குழம்பக்கூடிய பரிசோதனைகளில் தைராய்டும் ஒன்று. தைராய்டு மந்தமானால் முடி வறளும், உடல் சோரும், எடை கூடும், மனம் வாடும். எல்லாமே மெனோபாஸின் அறிகுறி மாதிரியே இருக்கும், வருவதும் அதிகமாக இந்த வயதுப் பெண்களுக்கே. முடிக்காகச் சாப்பிட்ட மாத்திரை, முடி வறண்டதன் உண்மைக் காரணத்தையே மறைத்துவிடக்கூடும். அதனால் பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில நாட்கள் முன்னதாக நிறுத்தச் சொல்வார். ரத்தத்தில் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வறட்சி என்று தள்ளிவிடக் கூடாத ஒன்றும் உண்டு. 1994இல் ஆஸ்திரேலியத் தோல் மருத்துவர் ஸ்டீவன் கோசார்ட், மெனோபாஸைக் கடந்த சில பெண்களுக்கு நெற்றியோர முடி பட்டையாகப் பின்வாங்குவதை விவரித்தார். புருவமும் உதிர்வது இதில் சகஜம். அழற்சி மயிர்க்காலை அழித்து வடுவாக்கிவிடுவதால், போன முடி திரும்ப முளைப்பதில்லை. மேலும் பரவாமல் நிறுத்தவே சிகிச்சை. நெற்றி விளிம்புத் தோல் வழவழவென்று வெளிறி, மயிர்க்கால் துளைகளே தெரியாமல் போயிருந்தால், முடியின் அடியில் சிவப்போ எரிச்சலோ இருந்தால், கண்டிஷனரை மாற்றிப் பார்த்துக்கொண்டு மாதங்களைக் கடத்த வேண்டாம். நெற்றியையும் இரண்டு பொட்டுப் பகுதிகளையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள்.