மழைமானியிலிருந்து குளிசை வரை

மார்கழி மழையில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் 36 அடியை நோக்கி ஏறும்போது கிளிநொச்சியில் யாராவது ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். மிகை நீரை வெளியேவிடும் வான்கதவை இப்போதே கொஞ்சம் திறப்பதா, இன்னும் ஒரு நாள் பார்ப்பதா? இப்போதே திறந்து மழை ஏமாற்றிவிட்டால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறையும். பொறுத்திருந்து மழை கொட்டிவிட்டால் கதவுகளை ஒரேயடியாகத் திறக்க வேண்டிவரும். அப்போது பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று கீழே உள்ள ஊர்களுக்குத்தான் கஷ்டம். 2018 டிசெம்பரில் ஓர் இரவு மழை என்னவெல்லாம் செய்யும் என்பதைக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கண்டன. பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

இந்த முடிவுக்குத் துணை நிற்கும் அறிவியல் இன்று நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் வெள்ளத்தின் கேடு குளக்கட்டோடு முடிவதில்லை. வயலுக்குப் போகிறது, கிணற்றுக்குள் இறங்குகிறது, இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலாக ஆஸ்பத்திரிக்கு வருகிறது, அறுவடைக்குப் பிறகு கடனாக வீட்டு வாசலில் நிற்கிறது. நீர்ப்பாசனத் திணைக்களம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, கமநல சேவை நிலையம், பிரதேச செயலகம் எல்லாம் தனித்தனிக் கட்டடங்களில் இருக்கின்றன. கேடு மட்டும் ஒரே பாதையில் ஒழுங்காக நடந்து போகிறது. அதற்கு முன்னால் ஓடக்கூடிய ஓர் ஏற்பாட்டை எப்படி அமைப்பது?

முதலில் தண்ணீர். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி வடக்கே ஓடி இரணைமடுவை நிரப்பி, பிறகு சுண்டிக்குளம் கடல்நீரேரியில் கலக்கிறது. ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை என்றால் 1000 கன மீற்றர் தண்ணீர். ஒரு குளத்தின் நீரேந்து பரப்பு 500 சதுர கிலோமீற்றர் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அங்கே 100 மில்லிமீற்றர் பெய்தால் 5 கோடி கன மீற்றர். இதில் எவ்வளவு குளத்துக்கு வரும் என்பது மழையை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. ஐப்பசி முதல் மழையைக் காய்ந்த மண் குடித்துவிடும். மேலே காட்டுக்குள் இருக்கும் சின்னக் குளங்களும் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். மார்கழியில் மண்ணும் நிறைந்திருக்கும், சின்னக் குளங்களும் வான் பாய்ந்துகொண்டிருக்கும். அதே 100 மில்லிமீற்றர் அப்போது ஏறக்குறைய முழுவதுமாக இறங்கி வரும். அதற்கு மேல் ஒரு சின்னக் குளத்தின் கட்டு உடைந்தால் அதன் தண்ணீர் அடுத்த குளத்தின் கட்டை உடைக்கும்.

அதனால் குளத்து மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பிந்திய பார்வை. மேலே பல இடங்களில் மழைமானிகள், ஆற்றுப் பாலங்களில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள், சின்னக் குளங்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன என்ற தகவல், மண்ணின் ஈரம் ஆகிய நான்கும் ஒரு கணினி மாதிரிக்குள் போனால், குளத்துக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு நீர் வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். வானிலை முன்கணிப்பையும் சேர்த்தால் அவகாசம் மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்காக நீளும்.

முன்கணிப்பு என்றால் ஒற்றைப் பதில் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் ஒரே நேரத்தில் 51 முன்கணிப்புகளை ஓட்டுகிறது. தொடக்க நிலையை இம்மியளவு மாற்றி மாற்றி ஓட்டினால் வங்கக் கடல் தாழமுக்கம் ஒன்றில் முல்லைத்தீவுக்கு வரும், இன்னொன்றில் நாகப்பட்டினத்துக்குப் போகும். 51இல் எத்தனை நம் பக்கம் வருகின்றன என்பதுதான் நிகழ்தகவு. சரி, எத்தனை வந்தால் அசைய வேண்டும்?

இதற்கு எளிமையான ஒரு கணக்கு உண்டு. முரசுமோட்டையில் ஒரு வீட்டில் 20 மூட்டை நெல் அடுக்கியிருக்கிறது, பெறுமதி 150,000 ரூபாய் என்று வைப்போம். உழவு இயந்திரம் பிடித்து மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்கு ஏற்ற 7,500 ரூபாய் செலவு. செலவை இழப்பால் வகுத்தால் 0.05, அதாவது இருபதில் ஒன்று. வெள்ளத்துக்கான வாய்ப்பு அதற்கு மேல் போனாலே மூட்டையை ஏற்றுவதுதான் இலாபம். 51 முன்கணிப்புகளில் மூன்று வெள்ளம் என்றாலே ஏற்றலாம். ஒரு முழு ஊரையும் பாடசாலைக்கு இடம் மாற்றுவது அப்படியல்ல. கூலி வேலை போகும், ஆடு மாடு தனித்து நிற்கும், பிள்ளைகளின் படிப்பு குழம்பும். அந்தச் செலவுக்கு நிகழ்தகவு இன்னும் உயர்ந்திருக்க வேண்டும். எச்சரிக்கையைப் படிப்படியாக அமைப்பது இதனால்தான். குறைந்த நிகழ்தகவுக்குச் செலவு குறைந்த செயல், அது ஏறஏறப் பெரிய செயல். எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பு எச்சரிக்கை விட்டால் நாலாவது தடவை 'புலி வருது' கதையாகிவிடும்.

இன்னொன்று, 'வடக்கில் 150 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை' என்ற வரியை வைத்துக் கண்டாவளைக் கமக்காரர் ஒருவர் என்ன செய்வார்? அவர் கேட்பது வேறு: "தம்பி, வான் திறந்தா என்ர வளவுக்குள்ள எத்தினை மணிக்குத் தண்ணி வரும், முழங்காலளவோ இடுப்பளவோ?" உலக வானிலை அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதைத்தான் சொல்கிறது. வானிலை என்னவாக இருக்கும் என்பதோடு நிற்காமல், அது என்ன செய்யும் என்று சொல்லுங்கள். இதற்கு நிலத்தின் உயர வரைபடமும், வீடுகள், வீதிகள், மதகுகள் எங்கே இருக்கின்றன என்ற விவரமும் வேண்டும். சென்ற வெள்ளத்தில் எந்தச் சுவரில் எந்த உயரம் வரை கறை படிந்தது என்பதும் தரவுதான். அது ஊர்ச்சனத்திடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், எந்தச் செயற்கைக்கோள் படத்தையும்விட அதைத்தான் முதலில் சேகரிக்க வேண்டும்.

இனி காய்ச்சல். எலிக்காய்ச்சலைத் தரும் கிருமி எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரில் வெளியேறி ஈரமண்ணிலும் நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெள்ளம் அதை வயல் முழுக்கப் பரப்பிவிடும். வரம்பு கட்டும்போது காலில் பட்ட சின்னக் கீறல் போதும். பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கெண்டைக்கால் தசை தொடவே முடியாதபடி நோகும், கண் சிவக்கும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமும் நுரையீரலும் பாதிக்கப்படும். 2024 நவெம்பர் இறுதி வெள்ளத்துக்குப் பிறகு டிசெம்பரில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பக்கம் சிலர் அடுத்தடுத்துக் காய்ச்சலில் இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியவில்லை. எலிக்காய்ச்சல் என்பது பரிசோதனைகளுக்குப் பிறகே தெளிவானது.

இந்த இடைவெளியைப் பாருங்கள். ஐந்து முதல் பதினான்கு நாள்! வெள்ளம் வந்த நாளிலேயே நோய் வரும் நாளையும் ஏறத்தாழக் குறித்துவிடலாம். குளத்துக்குக் கீழே எந்த வயல்கள் மூழ்கின என்ற வரைபடம் அன்றிரவே பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கைபேசிக்குப் போனால், தண்ணீர் வடிந்து ஆட்கள் வயலில் இறங்கும் முன்பே அவர் அங்கே நிற்கலாம். கிருமியைக் கொல்லும் டொக்சிசைக்ளின் குளிசையை வாரம் ஒரு முறை முற்காப்பாகக் கொடுக்கும் வழக்கம் இலங்கையில் ஏற்கெனவே உண்டு. பனாமாவில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படையினரிடம் நடந்து 1984இல் வெளியான ஆய்வில் அது நன்றாக வேலை செய்தது. பிற்கால ஆய்வுகளின் முடிவு அவ்வளவு திட்டவட்டமாக இல்லை. எல்லோருக்கும் பொருந்தும் மருந்தும் அல்ல, கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. அதனால் குளிசையோடு வேலை முடியாது. அதே வரைபடம் ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவிலும் இருக்க வேண்டும். கண்டாவளையிலிருந்து தசைநோவோடு ஒருவர் வந்தால் 'வயலில் இறங்கினீங்களோ?' என்பது முதல் கேள்வியாக வேண்டும். உயிர் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் அந்த முதல் இரண்டு மூன்று நாளில் தங்கியிருக்கிறது.

மற்றக் கேடுகளுக்கும் இப்படியே ஒவ்வொரு தவணை. பாம்புகள் தண்ணீரோடு அதே நாளில் மேட்டுக்கு ஏறும், புடையன் வீட்டு விறகுக் குவியலுக்குள் புகும். எதிர்விஷம் எந்த ஆஸ்பத்திரியில் எவ்வளவு இருக்கிறது, எந்த வீதி தடைப்படும் என்ற இரண்டு விவரங்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். டெங்கு வர இன்னும் சில வாரம் எடுக்கும். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அடங்கிய வன்னிக்கென்றே ஒன்று, போர் விட்டுச்சென்ற மிதிவெடி. பாய்ந்தோடும் நீர் மண்ணை அரித்து அதை இடம் மாற்றிவிடலாம், எச்சரிக்கைப் பலகையையும் அடித்துக்கொண்டு போகலாம். மிதிவெடி அகற்றப்படாத நிலத்தின் வரைபடத்தை வெள்ள வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் எந்தப் பாதையால் ஆட்களை அனுப்பக்கூடாது என்பது தெரியும். இரண்டு வரைபடமும் இரண்டு அலுவலகத்தில் இருந்தால் தெரியாது.

கடைசியில் கடன். நெல் அழிந்த வீட்டில் நகை அடகுக்குப் போகும், பிறகு நுண்கடன் வரும். 2020 ஜூலையில் பங்களாதேஷில் ஐ.நா. வேறு வழி பார்த்தது. முன்கணிப்பு குறித்த அளவைத் தாண்டியதும், வெள்ளம் உச்சத்துக்கு வரும் முன்பே ஆற்றங்கரைக் குடும்பங்களுக்குப் பணம் போனது. எந்த அளவு தாண்டினால் யாருக்கு எவ்வளவு என்பது முன்பே எழுதிக் கையெழுத்தாகியிருந்தது. அப்போது கூட்டம் கூட்டி விவாதிக்க வேண்டியிருக்கவில்லை. அதே மண்ணில் 1970 புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள், 2007 சிடர் புயலில் ஏறக்குறைய 3,400 பேர். நடுவில் முன்கணிப்பு மேம்பட்டது, தஞ்சக் கட்டடங்கள் எழுந்தன, ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போகும் பல்லாயிரம் தொண்டர்கள் உருவானார்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த எண்ணிக்கை இவ்வளவு இறங்கியிருக்காது.

இவ்வளவு தரவையும் ஒன்றாகச் சேர்ப்பதில் ஆபத்தும் உண்டு, வன்னிக்கு அது நன்றாகத் தெரியும். 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனை பதிவுகள், எத்தனை விசாரணைகள்! யார் குற்றம் செய்வார் என்று ஆளைக் கணிக்கும் ஏற்பாடு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இயல்புடையது. ஓர் ஊரில் கண்காணிப்பைக் கூட்டினால் அங்கே பதிவாகும் குற்றம் கூடும், கூடிய பதிவைக் காட்டி மேலும் கண்காணிப்பைக் கூட்டுவார்கள். மழைக்கு இந்தச் சிக்கல் இல்லை, நாம் அளப்பதால் அது கூடுதலாகப் பெய்யாது. ஆகவே நீரையும் நிலத்தையும் கணிப்போம், ஆட்களை அல்ல. யார் வீட்டில் படுக்கையிலிருக்கும் முதியவர், யார் வீட்டில் சிறுநீரக நோயாளி என்ற பட்டியல் கிராம அலுவலரிடமும் ஊர்த் தொண்டரிடமும் இருந்தால் போதும். கொழும்பிலுள்ள கணினிக்கு அது வேண்டியதில்லை.

இந்தச் சங்கிலி வேலை செய்கிறதா என்று ஐப்பசிக்கு முன் ஒரு தடவை பார்க்க வேண்டும். கனகராயன்குளத்துப் பக்கம் ஒரு மழைமானியில் பெருமழை பெய்ததாக ஒத்திகை எண் ஒன்றை அனுப்புங்கள். அது நீர்ப்பாசனப் பொறியியலாளருக்கு எத்தனை நிமிடத்தில் போனது, பிரதேச செயலாளருக்கு எப்போது, ஊரியானில் கோவில் ஒலிபெருக்கி எப்போது ஒலித்தது, தருமபுரம் ஆஸ்பத்திரிக்குச் செய்தி போனதா என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். எந்த இடத்தில் செய்தி அதிக நேரம் தங்கிக் கிடந்ததோ, அந்த ஆண்டின் காசு முதலில் அங்கே போகட்டும்.