ரத்தம் கொடுத்த கையோடு இரும்பைத் தூக்காதீர்கள்

கடந்த வாரம் இரவு எட்டு மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. இருபத்திரண்டு வயதுப் பையன், முகவாய் கிழிந்து நான்கு தையல். தையலுக்குத் துணை நின்ற சிஸ்டர்தான் அவனுடைய இடது முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த வட்டப் பிளாஸ்திரியைக் கவனித்து, "இவர் இன்று உங்கள் ரத்ததான முகாமில் கொடுத்தவர்தானே, டாக்டர்?" என்று கேட்டார்.

ஆமாம். காலை பத்தரைக்குக் கல்லூரி முகாமில் 350 மில்லி கொடுத்தவன். ஹீமோகுளோபின் போதுமா என்று பார்க்க, அவன் விரல் நுனியிலிருந்து எடுத்த துளியை நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் விட்டபோது, அது தயங்காமல் நேரே அடியில் போய் நின்றது. மூழ்கினால் போதுமான அளவு இருக்கிறது என்று பொருள். நல்ல ஹீமோகுளோபின், நல்ல உடல்வாகு, முதல் தானம். மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல ஜிம்முக்குப் போயிருக்கிறான். மூன்றாவது சுற்று ஸ்குவாட் முடித்து, கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டுத் திரும்பியதும் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெஞ்சின் விளிம்பு முகவாயைக் கிழித்துவிட்டது. கம்பி தோளில் இருந்தபோது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

இந்த ஆண்டில் நான் பார்க்கும் மூன்றாவது ஆள் இவன். முதல் ஆள் வெயிலில் கால்பந்து ஆடப் போய் விழுந்தார். இரண்டாமவர் ஓடி முடித்து வெந்நீரில் குளிக்கும்போது குளியலறையில் விழுந்தார்.

"இன்று கனமாக எதுவும் தூக்கக் கூடாது என்று சொன்னோமே, தம்பி?"

"சொன்னீர்கள் டாக்டர். 24 மணி நேரத்தில் ரத்தம் ஊறிவிடும் என்றும் சொன்னார்களே. ஜூஸும் குடித்தேன். எனக்குக் களைப்பே தெரியவில்லை."

இந்த 24 மணி நேரக் கதையை மேடைதோறும் சொல்லி வளர்த்தது நாங்கள்தான். பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்ல நல்லெண்ணத்தோடு சொன்னது. ஆனால் அது பாதி உண்மை. ஒன்றிரண்டு நாளில் ஈடாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும். ஒரு சட்டிக் குழம்பிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். சட்டி நிறைந்துவிடும், குழம்பு பழைய குழம்பாக இருக்குமா? ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்கள் முழுதாகத் திரும்ப நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். 450 மில்லி கொடுத்தவரின் உடலிலிருந்து 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து போகிறது. அது சேர மாதக்கணக்காகும். ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் என்று இடைவெளி வைத்திருப்பது எதற்கு? 24 மணி நேரத்தில் எல்லாம் ஊறிவிடும் என்றால் வாரம் ஒருமுறை கூப்பிட்டிருப்போமே! அந்தப் பையனுக்கோ அந்த 24 மணி நேரம்கூட ஆகவில்லை. ஏழரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

"வேர்க்க வேர்க்கப் பயிற்சி செய்தால் புது ரத்தம் சீக்கிரம் ஊறும்" என்று சொன்ன பயிற்சியாளர்களையும் சந்தித்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே நீர் குறைந்த உடம்பிலிருந்து இன்னும் நீரைத்தான் வடிக்கிறீர்கள். கட்டுடல் இருந்தால் மயக்கம் வராது என்பதும் தவறு. எங்கள் அனுபவத்தில் மயங்கி விழுபவர்களில் முதியவர்கள் குறைவு. இளைஞர்கள், அதிலும் முதல்முறை கொடுப்பவர்களே அதிகம்.

கொடுத்த நாளில் ஜிம் வேண்டாம், ஓட்டம் வேண்டாம், நீச்சல் வேண்டாம், டர்ஃபில் பந்தாட்டமும் வேண்டாம். மாலையில் காலாற நடந்துவிட்டு வாருங்கள், போதும். ஊசி குத்திய கையால் அன்று தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்காதீர்கள். உள்ளே ரத்தம் கசிந்து முழங்கை நீலம்பாரித்தால் ஒரு வாரம் அவதி. சாரம் ஏறும் கொத்தனார், லாரி, பஸ் ஓட்டுநர், மரம் ஏறுபவர் ஆகியோருக்கு ஜிம்மை விட வேலையே பெரிய ஆபத்து. மறுநாள் விடுப்பு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். மறுநாள் தலை லேசாக இருந்தால் அன்றும் ஓய்வுதான். இல்லையென்றால் பாதி எடை, பாதி வேகம். கடுமையான பயிற்சி முடிந்ததும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்து ஆறுங்கள்.

ஓட்டக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு உங்கள் வேகம் குறையும், மூச்சு முன்னதாகவே வாங்கும். அது நோய் அல்ல, பயப்படாதீர்கள். ஆனால் ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்துவிட்டு டிசம்பரில் எங்களிடம் கை நீட்டாதீர்கள். காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டிய பிள்ளைகளும் அப்படியே. தேர்வை முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம்.

சாப்பாட்டில் ஈரல், இறைச்சி, முருங்கைக்கீரை, பயறு. கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ. சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறிவிடாது. மாதவிடாயில் அதிகம் இழக்கும், தினமும் பயிற்சி செய்யும் பெண்கள் நான்கு மாதம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் வராமல், உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை ஒருமுறை பார்த்துக்கொண்டு வாருங்கள்.

அன்றிரவு பையனின் அம்மா என்னிடம் சொன்னார்: "இனி இவனை ரத்தம் கொடுக்க அனுப்பவே மாட்டேன்." என்னைத் தூங்கவிடாமல் செய்த வார்த்தை அது. தையல் பத்து நாளில் ஆறிவிடும். தலசீமியா என்ற பிறவி ரத்தக் குறைபாடு உள்ள குழந்தைகள் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு ஆயுளுக்கும் ரத்தம் வேண்டும். ஒருமுறை கொடுத்து, விழுந்து, பயந்து ஒதுங்கும் ஒவ்வொருவரும் அவர்களுக்கு இழப்பு.

கண் இருட்டினாலோ குப்பென்று வேர்த்தாலோ நின்ற இடத்திலேயே தரையில் படுத்துக் காலை உயர்த்திக்கொள்ளுங்கள். வெட்கப்படாதீர்கள், வீடு வரை சமாளிக்கலாம் என்று வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். உங்கள் தானஅட்டையின் பின்புறம் எங்கள் எண் இருக்கிறது. நள்ளிரவானாலும் எடுத்துப் பேச ஒருவர் இருப்பார்.